293318625600: ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் வீட்டுத் திண்ணையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். எங்கள் கரும்பலகையின் மேல் ஓரத்தில் 293318625600 என்ற எண் நெடுநாளாக அழிக்கப்படாமல் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்கள், தண்ணீர் கேன் போடுகிறவர், மாடியில் குடியிருப்பவர் என்று எல்லோரும் ஒருமுறையாவது “அது என்ன நம்பர் சார்?” என்று கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இதை எப்படி வாசிப்பது?

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. மொத்தம் 12 இலக்கம். யாருடைய கைப்பேசி எண்ணும் இல்லை, அதற்கு 10 இலக்கம்தான். இதையும் கேட்டிருக்கிறார்கள்.

எவ்வளவு பெரியது? ஒரு அளவு சொல்லுங்களேன்.

டெல்டாக்காரர்களுக்கு டி.எம்.சி.யில் சொன்னால் உடனே பிடிபடும். ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. நம் எண்ணைக் கன அடியாக எடுத்துக்கொண்டால் 293.3 டி.எம்.சி. வருகிறது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; ஆக மேட்டூர் மூன்று தடவை நிரம்பி, அதற்கு மேலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வந்து சேர வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அதைவிடவும் அதிகம். வினாடிக்கு 10,000 கன அடி வீதம் திறந்துவிட்டால் 339 நாள் ஓடும். அப்படி ஒரு வருஷம் வாய்த்தால் நான் டியூஷனுக்கு லீவு விட்டுவிடுவேன்.

நெல்லில் சொன்னால்: ஆயிரம் மணி ஏறக்குறைய 20 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை மணிக்கு 5,866 டன். 40 கிலோ மூட்டையாகக் கட்டினால் 1,46,659 மூட்டை.

சரி, இதைவிடப் பெரிய எண்கள் எத்தனையோ இருக்கின்றன. இதற்கு என்ன தனி விசேஷம்?

இதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள், அதாவது காரணிகள், 5,040 இருக்கின்றன. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. 1-இலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தால், 5,040 காரணிகளை முதன்முதலில் தொடுவது இந்த எண்தான்.

சின்ன எண்களில் பார்த்தால் விஷயம் எளிது. 12-க்கு 6 காரணிகள்: 1, 2, 3, 4, 6, 12. அதற்கு முன்னால் வரும் எதற்கும் 4-க்கு மேல் இல்லை. ஆகவே 12 முந்திக்கொண்டது. அப்புறம் 18-க்கும் 20-க்கும் 6 தான். சமன் செய்தால் போதாது, முந்த வேண்டும். முந்துவது 24, அதற்கு 8. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் முந்துகிறவற்றை உயர் பகு எண்கள் என்கிறோம். 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை போகும்.

நம் பெரியவர்கள் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்ததற்கும், கடிகாரத்தில் 60 நிமிடம் இருப்பதற்கும், கடையில் டஜன் கணக்கு வந்ததற்கும் ஒரு சௌகரியம் உண்டு. பாதி, மூன்றில் ஒன்று, கால் என்று எப்படிக் கேட்டாலும் சில்லறை மிஞ்சாமல் பங்கு போடலாம். 100-க்கு 9 காரணிதான். அதைவிடச் சிறிய 60-க்கு 12. நம் 293318625600 இந்த வகையறாவின் தூரத்துச் சொந்தம்.

ராமானுஜனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உயர் பகு எண்கள் என்ற பேச்சையே ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தாலும் வளர்ந்தது இங்கே, சாரங்கபாணி சன்னிதித் தெருவில். படித்தது டவுன் ஹைஸ்கூலில். காவிரிக்கரையில் இருக்கும் அரசு கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் விட்டதால் அந்த உதவித்தொகையை இழந்தார். 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். அடுத்த வருஷமே, 1915-ல், உயர் பகு எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்தது. 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். இங்கே கிடைக்காத பட்டம்.

அந்தக் கட்டுரையில் ஒரு நீளமான அட்டவணை இருக்கிறது. 2-இலிருந்து 6746328388800 வரைக்கும் உயர் பகு எண்களை வரிசையாகக் கொடுத்து, பக்கத்தில் ஒவ்வொன்றின் காரணி எண்ணிக்கையும் பகா எண்களாகப் பிரித்த வடிவமும் எழுதியிருக்கிறார். மொத்தம் 102 எண்கள். உண்மையில் அந்த எல்லைக்குள் இருப்பவை 103. விட்டுப்போன அந்த ஒன்றுதான் எங்கள் கரும்பலகையில் இருப்பது.

கணிப்பொறி இல்லாத காலம். காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஆறு லட்சம் கோடிக்கும் மேலே போய், ஒரே ஒன்றை மட்டும் விட்டிருக்கிறார். இதைக் குறையாகச் சொல்லுகிறேன் என்று ஒரு பெரியவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற 102-ஐ அவர் எவ்வளவு நெருக்கமாகச் சலித்திருக்கிறார் என்பது இந்த ஒன்றைத் தேடிப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கட்டுரையில் இன்னொரு பகுதியும் உண்டு. போர்க்காலம், சங்கத்துக்குப் பணமுடை. முழுவதையும் அச்சிட முடியவில்லை. மிச்சப் பகுதி 1997-ல்தான், ழான்-லூயி நிக்கோலா, கி ரோபான் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதர்களின் குறிப்புகளோடு வெளிவந்தது.

5,040 காரணிகள் என்று எப்படி எண்ணினீர்கள்?

எண்ணவில்லை, பெருக்கினேன். முதலில் எண்ணைப் பகா எண்களாக உடைக்க வேண்டும்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

இப்போது டிபன் கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் முன்னால் 6 இட்லி, 4 வடை, 2 தோசை, 2 பூரி, அப்புறம் பொங்கல், கேசரி, வாழைப்பழம், காபி ஒவ்வொன்று. எதை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். இட்லியில் 0 முதல் 6 வரை 7 வழி. வடையில் 5. தோசையில் 3, பூரியில் 3. மற்ற நாலிலும் வேண்டும் அல்லது வேண்டாம் என்று இரண்டிரண்டு வழி. எல்லாவற்றையும் பெருக்குங்கள்:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040

ஒவ்வொரு சாப்பாடும் ஒரு காரணி. ஒன்றுமே எடுக்காமல் எழுந்து போனால் அது 1. அத்தனையையும் காலி செய்தால் 293318625600.

பெரிய எண்ணாக இருந்தால் காரணியும் அதிகமாகத்தானே இருக்கும்?

அதுதான் இல்லை. 1 முதல் 15 வரை எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள்: 1307674368000. நம் எண்ணைப்போல் நாலு மடங்குக்கும் மேல். ஆனால் அதற்குக் காரணிகள் 4,032 மட்டுமே. அதில் 2 மட்டும் 11 முறை வருகிறது. இட்லியாகவே அடுக்கி வைத்த இலை அது.

மறுகோடிக்கும் போகலாம். எதையும் இரண்டாவது முறை சேர்க்காமல் 2 முதல் 31 வரை உள்ள பகா எண்களை ஒரே ஒரு தடவை பெருக்கினால் 200560490130. இது நம் எண்ணைவிடச் சிறியதுதான், ஆனால் ரொம்பவும் சிறியதில்லை. காரணிகளோ 2,048. புதுப்புதுப் பண்டமாக வாங்கினால் விலை ஏறிவிடுகிறது: 31-ஐ ஒரு முறை சேர்ப்பதற்கு ஆகும் செலவில் 2-ஐ நாலைந்து முறை சேர்த்துவிடலாம்.

மலிவானதை அதிகமாகவும், விலை கூடியதைக் குறைவாகவும் வாங்க வேண்டும். உயர் பகு எண்ணில் அடுக்குகள் இறங்குமுகமாகவே இருக்கும் என்பதன் காரணம் இதுதான். நம்முடையதில் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. எங்காவது ஏறுமுகம் வந்தால், அந்த இரண்டு பகா எண்களின் அடுக்கை இடம் மாற்றிப் போடுங்கள். காரணி எண்ணிக்கை மாறாது, எண் சிறியதாகிவிடும். அப்படியானால் முதலில் எடுத்த எண் உயர் பகு எண்ணாக இருந்திருக்க முடியாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 தான், 4-ம் 36-ம் மட்டுமே விதிவிலக்கு என்பதையும் ராமானுஜன் காட்டியிருக்கிறார். அதற்கு இன்னும் கொஞ்சம் உழைப்பு வேண்டும், திண்ணைக்குக் கொஞ்சம் கனம்.

எந்தெந்த எண்ணால் வகுபடும்?

1 முதல் 22 வரை ஒன்று விடாமல். 23-ல் தடுக்கி விழும். 100-க்குள் எடுத்தால் 72 எண்களால் வகுபடும், 28-ஆல் வகுபடாது. வகுபடாத 28-ம் 23 அல்லது அதற்கு மேற்பட்ட பகா எண்களும் அவற்றின் மடங்குகளும்தான்.

கால்குலேட்டர் இல்லாமல் சரிபார்க்க முடியுமா?

பாதி தூரம் முடியும், அது ரொம்ப ருசியாகவும் இருக்கும். இலக்கங்களைக் கூட்டினால் 45, ஆகவே 9-ஆல் வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் 00 என்பதால் 4, 25 இரண்டாலும் வகுபடும். அடுத்து எனக்குப் பிடித்தது. நம் வழக்கப்படி கோடி லட்சமாகப் பிரிக்காமல் மூன்று மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 293, 318, 625, 600. ஒன்று விட்டு ஒன்றைக் கூட்டுங்கள்.

293 + 625 = 918
318 + 600 = 918

இரண்டும் அச்சாக ஒன்று. இப்படிச் சமமாக வந்தால் அந்த எண் 1001-ஆல் வகுபடும். 1001 = 7 × 11 × 13. ஆக ஒரே கூட்டலில் மூன்று பகா எண்கள் முடிந்தன. வகுப்பில் இதைச் செய்து காட்டும் நாளில் மட்டும் யாரும் மணியைப் பார்ப்பதில்லை. 17-க்கும் 19-க்கும் இப்படிக் குறுக்குவழி எதுவும் நான் சொல்லித்தருவதில்லை, நேரே வகுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

23 மட்டும் ஏன் இல்லை?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் நல்ல கேள்வி. பட்டியலில் இதற்கு முன்னால் இருப்பது 240940299600 (4,800 காரணிகள்). பின்னால் இருப்பது 321253732800 (5,376 காரணிகள்). இரண்டிலும் 23 உண்டு, 7 ஒரே தடவைதான். நடுவில் இருக்கும் நம்முடையதில் 23 கிடையாது. அதற்குப் பதில் 7 இரண்டு தடவை. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒரு குடும்பம், இது வேறு குடும்பம்.

அந்தக் குடும்பத்தின் மூலவர் 80313433200. அதை இரட்டித்தால் 4,608 காரணி, 3-ஆல் பெருக்கினால் 4,800, 4-ஆல் பெருக்கினால் 5,376. மூன்றாவது மடங்குக்கும் நாலாவது மடங்குக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. நம் எண் அந்த இடைவெளியில், சுமார் 3.65 மடங்கில், 23-ஐக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்திருக்கிறது. பட்டியலில் இதற்குப் பிறகு வரும் எல்லா எண்களிலும் 23 இருக்கிறது. அதாவது 23 இல்லாத கடைசி எண் இது.

இனி வருவது, எனக்குத் தெரியவந்த அன்றைக்கு என்னைத் தூங்கவிடாத சங்கதி. நம் எண்ணை 23-ஆல் பெருக்குங்கள். 6746328388800 வருகிறது. மேலே போய்ப் பாருங்கள்: ராமானுஜன் அட்டவணையின் கடைசி வரியே அதுதான். காரணி எண்ணிக்கையும் சரியாக இரண்டு மடங்கு, 10,080. விட்டுப்போன எண் கடைசி வரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, நுனியில் இருக்கும் 23-ஐ விரலால் மறைத்தால் தெரிந்துவிடும். அது மட்டுமா? நம் எண்ணின் பாதியான 146659312800-ம் அட்டவணையில் இருக்கிறது. கால் பங்கான 73329656400-ம் இருக்கிறது. கால், அரை, 23 மடங்கு மூன்றும் வந்திருக்க, முழுசு மட்டும் இல்லை.

ராமானுஜன் எண் 1729 இல்லையா?

அதுவேதான். மருத்துவமனையில் இருந்த ராமானுஜனைப் பார்க்க கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி வந்த வாடகைக் காரின் எண். 1³ + 12³ என்றும் 9³ + 10³ என்றும் இரண்டு விதமாக எழுதலாம். அதன் புகழில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், காரணி என்று பார்த்தால் 8 தானே. ஆனால் சண்டை வேண்டாம்: 1729 = 7 × 13 × 19. மூன்றும் நம் எண்ணில் இருப்பதால் 1729-ஏ இதன் ஒரு காரணி. 1729 × 169646400 போட்டுப் பாருங்கள்.

இத்தனை வினாடி என்றால் எத்தனை நாள்?

33,94,891 நாளும் ஓர் அரை நாளும். வருஷத்தில் சொன்னால் ஒன்பதாயிரத்து முந்நூறுக்குச் சற்றுக் குறைவு. எல்லாவற்றாலும் வகுபடும் எண்ணுக்கு நாளில் மட்டும் அரை மிஞ்சுவது வேடிக்கை. ஒரு நாளுக்கு 86,400 வினாடி, அதில் 2 ஏழு தடவை இருக்கிறது. நம்மிடம் இருப்பதோ ஆறு. மணிக்கணக்கில் மீதி வராது, நாழிகைக் கணக்கிலும் வராது: சரியாக 20,36,93,490 நாழிகை.

5,040 என்பதும் எங்கேயோ கேள்விப்பட்ட எண்ணாக இருக்கிறதே?

1 முதல் 7 வரை பெருக்கினால் 5,040. அதுவும் ஓர் உயர் பகு எண். கிரேக்கத்துப் பிளேட்டோ தன் இலட்சிய நகரத்துக்கு 5,040 குடும்பங்கள் என்று நிர்ணயித்தார், 1 முதல் 10 வரை எதனாலும் பிரித்து நிர்வாகம் பண்ணலாம் என்பதற்காக. நம் எண் 5,040-ஆலும் வகுபடும். எத்தனை காரணி என்று கேட்டால், அந்த எண்ணிக்கையே ஒரு காரணி.

யாராவது 5,040-ஐயும் எழுதிப் பார்த்ததுண்டா?

உண்டு. போன கோடை விடுமுறையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், நான் விளையாட்டாகச் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். காரணிகள் ஜோடி ஜோடியாக வரும்: 1-க்கு ஜோடி 293318625600, 2-க்கு அதில் பாதி, இப்படியே. மொத்தம் 2,520 ஜோடி. பக்கத்துக்கு 30 வரி என்றால் 84 பக்கம். சிறிய எண் 5,41,588-ஐத் தாண்டிவிட்டால் ஜோடிகள் திரும்பி வர ஆரம்பித்துவிடும், அங்கே நிறுத்திவிடலாம். எல்லைக்குப் பக்கத்தில் 540540 × 542640 என்று கிட்டத்தட்டச் சதுரமான ஒரு ஜோடி இருக்கிறது, அதைக் கண்டுபிடித்த அன்று ஓடிவந்து காட்டினான்.

கடைசியில் எண்ணிப் பார்த்தால் 2,519. “ஒண்ணு குறையுது சார்.”

84 பக்கத்தையும் திருப்பிப் பார்க்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி இருந்தது. எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகையை ஒன்றையும் எழுதாமலே கண்டுபிடிக்கலாம். 1 + 2 + 4 + … + 64 = 127; 1 + 3 + 9 + 27 + 81 = 121; 5-க்கு 31, 7-க்கு 57; மற்ற நாலுக்கும் 12, 14, 18, 20. எல்லாவற்றையும் பெருக்கினால் 1,64,224 கோடியே 30 லட்சத்து 14 ஆயிரத்து 720. எண்ணைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல். பையன் எழுதியதை அவன் அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து கணிப்பொறியில் ஏற்றிக் கூட்டினாள். 54,41,90,939 குறைந்தது.

இனி விட்டுப்போனது தப்ப முடியாது. அந்த ஜோடியின் கூட்டுத்தொகை இது, பெருக்குத்தொகை நம் எண். பெருக்குத்தொகையைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 538.9995 வந்தது. ஜோடியில் சிறியது 539, பெரியது 544190400. 539 = 7 × 7 × 11.

“ராமானுஜனும் ரெண்டு ஏழு இருந்த இடத்துலதானே சார் விட்டார்?” என்றான். அவர் இரண்டு ஏழு உள்ள எத்தனையோ எண்களை விடாமல் பிடித்திருக்கிறார் என்று சொல்லி, கால், அரை இரண்டையும் காட்டினேன். அவன் அதைக் காதில் வாங்கினானா தெரியாது. 532-க்கும் 540-க்கும் நடுவில் இடம் இல்லாததால் 539-ஐ ஓரத்தில் சிவப்பு மையில் குறுக்காக எழுதிக்கொண்டிருந்தான்.